அப்பிரதட்சிணமாக ஒரு சுற்று: அயோவாவின் ரக்கூன் ரிவர் வேலி டிரெயில்

அயோவா மாநிலத் தலைநகர் டெ மொயினுக்கு மேற்கே, நகரம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் வாக்கி என்ற ஊர் இருக்கிறது. இன்ஷூரன்ஸ், வங்கிக் கம்பெனிகளில் கணினி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. அவர்களில் பலர் மாலையில் நடக்கப் போகும் அந்தத் தார்ப்பாதையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால், வாக்கியையும் சேர்த்துப் பன்னிரண்டு ஊர்களைத் தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். சுற்றின் நீளம் 72 மைல், அதாவது ஏறக்குறைய 116 கிலோமீட்டர். கிளைகளையும் சேர்த்தால் மொத்தம் 89 மைல். கார், பைக் எதற்கும் அனுமதி இல்லை. சைக்கிள், நடை, ஓட்டம், ஸ்கேட்டிங் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதை.

முழுவதும் பழைய ரயில் பாதை. 1977-ல் திவாலான மில்வாக்கி ரோடு கம்பெனியின் பழைய தடங்களில் தண்டவாளத்தையும் கட்டையையும் எடுத்துவிட்டு மேலே தார் போட்டார்கள். முதல் பகுதி 1989-ல் திறந்தது. வடக்குப் பக்கம் முடிந்து வட்டம் பூர்த்தியானது 2013-ல்தான். இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு ரயில் தடத்தை மூடினால் நிலம் துண்டு துண்டாகப் பக்கத்து வயல்காரர்களிடம் போய்விடும் வாய்ப்பு அதிகம். 1983-ல் செய்த ஒரு சட்டத் திருத்தம், பின்னொரு நாள் ரயிலுக்குத் தேவைப்படலாம் என்ற காரணத்தை வைத்து, அதுவரை அந்தத் தடத்தைப் பாதையாக வைத்திருக்க வழி செய்தது. நாடு முழுக்க இப்படிப்பட்ட பாதைகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரயில் போன தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்தாலே பழைய நீராவி எஞ்சின்களுக்கு மூச்சு வாங்கும். அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் சமன் செய்திருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு 116 கிலோமீட்டர் சுலபம் என்று கிளம்புகிறவர்கள்தான் நடுவழியில் வீட்டுக்கு போன் போட்டுக் காரை வரச் சொல்கிறார்கள். இங்கே மேடு என்பது காற்று. மலை ஏறினால் அடுத்தது இறக்கம் என்ற ஆறுதலாவது உண்டு. காற்று அப்படிக் கணக்குத் தீர்க்காது.

ஆகவே முதலில் முடிவு செய்யவேண்டியது எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை. நம் ஆட்களுக்குக் கோயில் பழக்கத்தில் பிரதட்சிணமாகப் போகத்தான் கால் இழுக்கும். கோடையில் அது தவறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் பெரும்பாலும் தெற்கிலிருந்து காற்று அடிக்கும், அதுவும் மத்தியானத்துக்கு மேல் வலுக்கும். பிரதட்சிணமாகப் போனால் கடைசி 31 கிலோமீட்டர், அதாவது பெரி என்ற ஊரிலிருந்து வாக்கி வரை, ஒதுங்க மரமில்லாத வெட்டவெளியில், கால் ஓய்ந்துபோன நேரத்தில், எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். அப்பிரதட்சிணமாகப் போங்கள். காலைக் குளிரில் அந்த வெட்டவெளியைப் பின்காற்றோடு கடந்துவிடலாம். எதிர்க்காற்று ஹெர்ன்டன், பனோரா என்ற ஊர்களுக்கு இடையே ஒரு 17 கிலோமீட்டருக்கு முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு ஆற்றோரத்து மரங்கள் வந்துவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் நீங்கள் நிழலில் இருப்பீர்கள்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் கதை மாறும். குளிர்காற்று இறங்கிய மறுநாள் வடமேற்கிலிருந்து அடிக்கும். அன்றைக்குப் பிரதட்சிணம்தான் சரி: எதிர்க்காற்றை மரங்களுக்கு நடுவே வாங்கிக்கொண்டு, பெரியிலிருந்து வீடுவரை தள்ளிவிடச் சொல்லலாம். முந்தின இரவு செல்போனில் மழை வருமா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். காற்றின் திசையையும், மதியம் இரண்டு மணிக்கு அதன் வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் என்று காட்டினால் முழுச் சுற்றை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

கீழே வழியை அப்பிரதட்சிணமாகவே சொல்கிறேன். தொலைவுகளெல்லாம் வாக்கியிலிருந்து, தோராயமாக.

வாக்கியில் பாதை தொடங்குமிடத்தில், தண்டவாளம் போலவே சிவப்பு உத்திரங்களைத் தலைக்குமேல் வளைத்து நிறுத்தியிருக்கும் பெரிய பந்தல் ஒன்று இருக்கிறது, இரவில் விளக்கெரியும். காரை அங்கே விடலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். தொடங்குமிடங்களில் உறையும் பெட்டியும் இருக்கும், கட்டணத்தை அங்கேயே எழுதியிருப்பார்கள், சில டாலர்தான். சில்லறை நோட்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாலஸ், கத்ரி, கிரீன் என்ற மூன்று கவுண்டிகள் பராமரிக்கும் பாதை இது. ஆள் இல்லாத பெட்டிதானே என்று தாண்டிப் போகவேண்டாம்.

ஆறரை மணிக்குக் கிளம்பினால் டாலஸ் சென்டர் (10 கி.மீ.), மின்பர்ன் (20 கி.மீ.) இரண்டையும் வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். இருபுறமும் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். ஊர் வருகிறது என்பதை முதலில் சொல்வது வயலுக்குமேல் தலைகாட்டும் தானியக் கிடங்குக் கோபுரம். அது கண்ணில் பட்ட பிறகும் இருபது நிமிடம் மிதிக்க வேண்டியிருக்கும். தட்டை நிலத்தில் கண் ஏமாற்றும். மின்பர்னில் பழைய ரயில் நிலையக் கட்டடத்தைச் செப்பனிட்டுப் பாதையோரம் வைத்திருக்கிறார்கள். நின்று பார்க்கலாம்.

பெரி (31 கி.மீ.) இந்தச் சுற்றின் பெரிய ஊர்களில் ஒன்று, முக்கியமான நிறுத்தமும் இதுதான். காரணம் எளிது: இதற்கடுத்து பனோரா வரை 40 கிலோமீட்டருக்கு நம்பிப் போகக்கூடிய பெரிய கடை கிடையாது. டாசன், ஜமைக்கா, ஹெர்ன்டன், யேல் நான்கும் சின்னஞ்சிறு ஊர்கள். ஒரு பாரோ சிற்றுண்டிக் கடையோ திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமை அந்த அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். பெரியில் எல்லாப் பாட்டிலையும் நிரப்புங்கள், வயிற்றையும்தான். பன்றி இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்கள் இங்கே அதிகம் (அந்த ஆலை 2024-ல் மூடப்பட்டுவிட்டது). அதனால் ஊரில் நல்ல மெக்சிகன் சாப்பாடு கிடைக்கும். சைவக்காரர்கள் பீன்ஸ் புரிட்டோ கேட்கும்போது, பீன்ஸை லார்டில் தாளித்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பன்றிக் கொழுப்பில் வதக்குவது அவர்கள் வழக்கம். நாம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். 1913-ல் கட்டிய ஹோட்டல் பேட்டி என்ற செங்கல் விடுதியும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு நாளில் சுற்றுகிறவர்களில் பலர் இரவு தங்குவது அங்கேதான்.

பெரியைத் தாண்டியதும் வடக்கு ரக்கூன் ஆற்றைக் கடப்பீர்கள். பிறகு மேற்கு நோக்கி நேர்கோடு.

இந்த நேர்கோட்டில் அலுப்புத் தட்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் பார்க்கவேண்டியது தூரத்தில் இல்லை, டயரிலிருந்து இரண்டு மீட்டரில் இருக்கிறது. அயோவா ஒரு காலத்தில் பெரும்பாலும் ஆளுயரப் புல்வெளி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்றில்லை. மற்றதெல்லாம் ஏர் பிடித்த வயலாகிவிட்டது. மிஞ்சிய துண்டுகளில் சில, தண்டவாளத்தின் இருபக்கமும் இருந்த ஒல்லியான கீற்றுகளில் பிழைத்தன. ரயில்வே நிலத்தில் யாரும் உழவில்லை. எஞ்சின் பொறி பறந்து அவ்வப்போது தீப்பிடித்ததும் புல்லுக்கு நல்லதாகவே முடிந்தது: மரக்கன்றுகள் கருகின, ஆழ வேர்விட்ட புல் மறுபடி துளிர்த்தது. ஆகஸ்டில் போனால் பிக் புளூஸ்டெம் என்ற புல் உங்கள் தலைக்குமேல் நிற்கும். அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் கால் போலிருக்கும். மஞ்சள் பூவும் முரட்டு, ஆழமாகக் கிழிந்த இலையுமாக நிற்கும் காம்பஸ் பிளான்ட்டைத் தேடுங்கள். அதன் அடி இலைகள் தட்டையாகப் படுக்காமல் செங்குத்தாக நின்று, விளிம்புகளை வடக்கு தெற்காகக் காட்டும். காலை, மாலை வெயிலை முழுப்பரப்பில் வாங்கிக்கொண்டு உச்சி வெயிலுக்கு ஓரத்தை மட்டும் காட்டும் ஏற்பாடு அது.

அழகாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தொடவும் கூடாது. குடை குடையாக மஞ்சள் பூப்பூத்து இடுப்பளவுக்கு நிற்கும் காட்டுப் பார்ஸ்னிப் ஜூன், ஜூலையில் பாதையோரம் தாராளம். அதன் சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளிக்கும். பட்டுவிட்டது என்று தோன்றினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த இடத்தைத் துணியால் மூடி வெயில் படாமல் வைத்திருங்கள். மூன்று இலை சேர்ந்து நிற்கும் பாய்சன் ஐவியும் உண்டு. இயற்கை அழைத்தாலும் உயரப் புல்லுக்குள் போகாதீர்கள், உண்ணி ஏறிவிடும். ஊர்களிலும் பாதையோரப் பூங்காக்களிலும் கழிப்பறை இருக்கிறது; அங்கே முடித்துக்கொள்வது உத்தமம்.

ஹெர்ன்டன் (54 கி.மீ.) சந்திப்பு ஊர். நேர் வடக்கே ஒரு கிளை ஜெஃபர்சனுக்குப் போகிறது. நாம் தெற்கே திரும்புகிறோம். கோடையில் எதிர்க்காற்று தொடங்குவது இந்த இடத்தில். வேகத்தைப் பார்க்காதீர்கள், அது உங்களைச் சோர்வடையச் செய்யும். ஒரு கியர் இறக்கி, மிதிப்பதை இலகுவாக்கி, கைப்பிடியைத் தாழப் பிடித்துக் குனிந்து போங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் ஒருவர் பின் ஒருவராக வரிசைகட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறிக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவருக்கு மிச்சமாகும் பலம் நன்றாகவே தெரியும்.

பனோரா (71 கி.மீ.) வந்ததும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடை, உணவகம், நிழல் எல்லாம் உண்டு. நடு ரக்கூன் ஆற்றங்கரையில் லெனன் மில் பார்க் என்ற பூங்காவில் கூடாரம் போடலாம். இரண்டு நாள் திட்டத்தில், முதல் நாள் 71, மறுநாள் 45 என்று பிரிப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. சின்ன ஊர்களில் சைவக்காரர்களுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த கேசீஸ் கடைகள். அயோவாவில் பிறந்த கம்பெனி, பெட்ரோலைவிட பீட்சாவுக்குப் பேர்போனது. சீஸ் பீட்சா ஒரு துண்டும் உப்புப் போட்ட சிப்ஸ் ஒரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் என் பையில் முதலிடம் புளியோதரைக்கு. வெயிலில் கெடாது, உப்பும் எண்ணெயும் மாவுச்சத்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. தயிர்சாதத்தை ஜூலையில் எடுத்துவரவேண்டாம். கடலைமிட்டாயை டிரெயில் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் கடையில் மூன்று டாலருக்கு விற்கும் எனர்ஜி பார் செய்யும் வேலையை அது கச்சிதமாகச் செய்கிறது.

பனோராவிலிருந்து லிண்டன், ரெட்ஃபீல்ட் (90 கி.மீ.) வழியாக ஏடெல் வரை வருவது சுற்றின் நல்ல பகுதி. மரங்கள் இருபுறமும் வந்து சேர்கின்றன. ரெட்ஃபீல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பதால் அதை நோக்கி மெல்லிய இறக்கம். நிழலுக்கு விலையும் உண்டு: வேர் தூக்கிய தார். குளிர்காலத்தில் வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து விரிவதால் பாதை நெடுகக் குறுக்கு விரிசல்கள் விழும். பழுது பார்க்கிறார்கள், ஆனாலும் அடுத்த குளிர்காலம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு விரிசலிலும் ஒரு ‘தொம்’. நூறு கிலோமீட்டருக்குப் பிறகு அந்தத் ‘தொம்’ நேரே இடுப்பெலும்புக்குப் போகும். 25 மில்லிமீட்டர் ரேஸ் டயரோடு வராதீர்கள். 32 முதல் 38 வரை அகலமான டயர், காற்றும் இறுக்கமாக இல்லாமல் கொஞ்சம் குறைவாக. விரிசலுக்குமேல் போகும்போது இருக்கையிலிருந்து ஒரு அங்குலம் எழுந்துகொண்டால் பாதி வலி போய்விடும்.

விழுபவர்கள் பெரும்பாலும் விரிசலில் விழுவதில்லை, சாலை குறுக்கிடும் இடத்தில் விழுகிறார்கள். இந்த நாட்டுப்புறத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதுரம் சதுரமாக அளந்து, மைலுக்கு ஒரு சாலையாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சரளைச் சாலைகள். டிராக்டர் போகும்போது டயரில் ஒட்டிய சரளை நம் தார்ப்பாதையின் மேல் உதிர்ந்து, கோலிக்குண்டு அளவு கற்கள் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். முன்னாலேயே தாரில் வேகத்தைக் குறைத்து, ‘ஸ்டாப்’ பலகையில் நின்று பார்த்து, பிறகு கைப்பிடியைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராக உருட்டிக்கொண்டு போங்கள். ஆகஸ்டில் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்பதால் குறுக்கே வரும் வண்டி கடைசி நொடிவரை தெரியாது. புழுதி எழும்புகிறதா என்று பாருங்கள், வண்டிக்கு முன் அது தெரியும்.

ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் பச்சைப் பலகையில் எண்ணோ எழுத்தோ இருக்கும். அதைப் படித்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். 911-ஐக் கூப்பிட நேர்ந்தால் ‘டிரெயிலில் ஓரிடம்’ என்று சொல்வதைவிட இன்ன தெருவுக்கும் இன்ன அவென்யூவுக்கும் நடுவில் என்று சொல்வது ஆம்புலன்ஸுக்கு உதவும்.

ரெட்ஃபீல்டிலிருந்து ஏடெல் (104 கி.மீ.) சுமார் 14 கிலோமீட்டர், ஊருக்கு ஊர் உள்ள இடைவெளிகளில் நீளமானது இதுதான். ஏடெலில் செங்கல் பாவிய தெருக்களும் நடுவில் கோட்டை போன்ற கவுண்டி நீதிமன்றக் கட்டடமும் உண்டு. ஆகஸ்டில் இங்கே மக்காச்சோளத் திருவிழா நடக்கும், வேகவைத்த கதிர் இலவசம். அன்று ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகமுடியும். ஏடெல் ஆற்றுப் பக்கம், வாக்கி மேட்டுநிலத்தில். எனவே கடைசி 12 கிலோமீட்டர் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. உரசவில்லை, மேடுதான். ஏடெலில் குளிர்ந்த ஏதாவது ஒன்று குடித்துவிட்டு அவசரப்படாமல் ஏறுங்கள். நிறுத்தங்களோடு சேர்த்து முழுச் சுற்றுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் வைத்துக்கொண்டால், மாலை ஐந்து மணிக்குள் பந்தலுக்கடியில் இருப்பீர்கள்.

இடிமழை பற்றி இரண்டு வார்த்தை. கோடை மதியத்தில் மேற்கே வானம் கருத்தால் அடுத்த ஊருக்குப் போகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். அரை மணியில் முடியாது என்றால் வந்த ஊருக்குத் திரும்புங்கள். மரத்தடியும் வேண்டாம், வயலில் நிற்கும் தகரத் தானியத் தொட்டியும் வேண்டாம். கேஸ் ஸ்டேஷன், தேவாலயம், நூலகம் எதுவானாலும் கட்டடத்துக்குள் போங்கள். ஊர் சைரன் நிற்காமல் ஊளையிட்டால் டொர்னேடோ எச்சரிக்கை அல்லது அதற்கு நிகரான காற்று. அங்குள்ளவர்கள் எந்த அடித்தளத்துக்குப் போகிறார்களோ அங்கே போங்கள். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி டெரேச்சோ என்னும் நேர்க்கோட்டுப் புயல் இதே வயல்களைப் படுக்கவைத்துவிட்டுப் போனது.

பாதையில் மரியாதை எளியது. வலப்பக்கம் போகவேண்டும், முந்துவது இடப்பக்கம். முந்தும்முன் மணி அடித்து, ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். எதிரே வருகிறவர்கள் கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். அதற்குப் பதில் வணக்கமாக நீங்களும் இரண்டு விரலைத் தூக்கினால் போதும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையோ சின்னப் பிள்ளைகளையோ அழைத்துப் போக முழுச் சுற்று தேவையில்லை. வாக்கியிலிருந்து டாலஸ் சென்டர் போய்த் திரும்பினால் 20 கிலோமீட்டர் சொச்சம். நிழல் வேண்டுமென்றால் காரை ரெட்ஃபீல்டில் விட்டு லிண்டன் பக்கம் போங்கள். போகும்போது மெல்லிய ஏற்றம், திரும்பும்போது கால் வைத்திருந்தாலே உருளும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இந்த வரிசை பொருந்தும். சுடிதார் போட்டு ஓட்டுகிறவர்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, கணுக்காலில் ஒரு ரப்பர் பாண்ட் போட்டுக்கொள்ளட்டும். சங்கிலியில் துணி சிக்கினால் கத்தரிக்கோல்தான் தீர்வு.

இன்னொரு நாள் இருந்தால், ஹெர்ன்டனிலிருந்து வடக்கே பிரியும் கிளையை ஜெஃபர்சன் பக்கமிருந்து ஓட்டிப் பாருங்கள். ஊர் நடுவே நீதிமன்றச் சதுக்கத்தில் சுமார் 50 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. கருத்துக் கணிப்புக்குப் பேர்போன ஜார்ஜ் கேலப் 1901-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் வளர்ந்த எண்கோண வீடு இன்னும் இருக்கிறது. தெற்குக் காற்று அடிக்கும் நாளில் ஜெஃபர்சனிலிருந்து கிளம்பி, கூப்பர் வழியாக ஹெர்ன்டன் வரை எதிர்க்காற்றில் போய், திரும்பும் 20 கிலோமீட்டரையும் காற்றிடம் விட்டுவிடலாம். தண்ணீரை மட்டும் ஜெஃபர்சனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.